ஆசிட் பாட்டிலைத் திறக்கவிடாதே, கோமு

திருச்சி
ஆடி 14

அன்புள்ள கோமு,

நேற்று போனில் பேசியதில் பாதி காற்றோடு போய்விட்டது. மொட்டை மாடியில் நின்று பேசினாய் போலிருக்கிறது. உன் குரலைவிட ஆடிக் காற்றின் இரைச்சல்தான் அதிகம் கேட்டது. கிரகப்பிரவேசம் ஆவணியில் என்பது புரிந்தது. உங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் வேன்காரன் காரை உரசிவிட்டுப் போனதும் புரிந்தது. வீட்டை உன் கையில் கொடுப்பதற்கு முன்னால் கட்டட ஆட்கள் தரை முழுக்க ஆசிட் ஊற்றிக் கழுவித் தரப்போகிறார்கள் என்றாயே, அதற்குத்தான் “வேண்டாம், வேண்டாம்” என்று கத்தினேன். கேட்டதோ இல்லையோ என்று வாட்ஸாப்பிலும் போட்டேன். காரணத்தை அதில் எழுத முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். நாம் பேனா பிடித்து எழுதிக்கொண்டும் ரொம்ப நாளாகிவிட்டது.

அத்தைக்கு இப்போது கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு மாற்றல் கிடைத்து ஊரோடு வந்துவிட்டாள். எனக்கு முழங்கால் மட்டும் படி ஏறும்போது கொஞ்சம் பேசுகிறது.

சரி, கல்லுக்கு வருகிறேன். உன் வீட்டில் மூன்று வகைக் கல் என்றாய். பூஜை அறைக்கு வெள்ளை மார்பிள், சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட், ஸ்டோர் ரூம் தட்டுகளுக்குக் கடப்பைக் கல். இந்த மூன்றையும் ஒரே பாட்டிலை வைத்துக் கழுவலாம் என்று உன் மேஸ்திரி நினைக்கிறார். நம் பி.எஸ்சி. லேபை நினைத்துப் பார். சால்ட் அனாலிசிஸில் நீர்த்த ஆசிட் இரண்டு சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கினால், கார்பனேட் என்று ரெக்கார்டில் எழுதுவோமே, அதுதான் இங்கேயும் நடக்கும். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான். கறுப்பாக, கெட்டியாக இருப்பதால் கிரானைட் குடும்பம் என்று நினைத்துவிடுகிறோம், உண்மையில் அது மார்பிளுக்குத்தான் சொந்தக்காரன். இரண்டின் மேலும் ஆசிட் பட்டால் கல்லின் மேல்தோலே கரைந்துபோகும். மார்பிள் பளபளப்பு செத்துச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகும். கடப்பை வெளுத்துச் சாம்பல் பூக்கும். கறை என்றால் தேய்த்து எடுக்கலாம். இது கறை இல்லை, காயம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கிரானைட்டுக்கு அந்தப் பயம் குறைவு. அதில் இருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் தாதுக்கள் அந்த ஆசிட்டுக்கு அசையாது. ஆனால் மேடையில் ஊற்றும் ஆசிட் மேடையோடு நிற்குமா? ஸ்டீல் சிங்க், குழாயின் குரோம் பூச்சு, கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சிமெண்ட் இணைப்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டுத்தான் போகும். பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் யாராவது தெரியாமல் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. இதை அந்த ஆட்களிடம் நீயே நேரில் சொல்லிவிடு.

அப்படியானால் சிமெண்ட் தெறிப்பை எப்படி எடுப்பது என்று கேட்பாய். முதலில் நன்றாகப் பெருக்கச் சொல். தண்ணீர் படுவதற்கு முன்னால் இரண்டு முறை, மூன்று முறை பெருக்க வேண்டும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் மார்பிள் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மணல் கிடக்கும் தரையை ஈரத்துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோலத்தான். வேலையாட்கள் செருப்புக் காலோடு பூஜை அறைக்குள் போகக் கூடாது என்று நீ சொன்னால் பக்திக்காகச் சொல்கிறாய் என்று நினைப்பார்கள். கல்லுக்கும் அதுதான் நல்லது. பெருக்கிய பிறகு தெறிப்பு இருக்கும் இடங்களில் ஈரத்துணியைப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மரச் சில்லாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மெல்லச் சுரண்டச் சொல். கொத்துக்கரண்டி வேண்டாம். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்தால் போதும். ஈரம் தானாகக் காயட்டும் என்று விடாதே. பாளையங்கோட்டையில் உங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படியும். அந்தப் படிவத்தை எடுக்க மறுபடி யாராவது ஆசிட்டைத்தான் கொண்டுவருவார்கள்.

ஆசிட் என்றால் பாட்டிலில் வருவது மட்டும் என்று நினைக்காதே. நம் சமையலறையே ஆசிட் கடைதான். புளி, எலுமிச்சை, தயிர், வினிகர் எல்லாம் மார்பிளைத் தின்னும். எங்கள் பூஜை அறையில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் ராகு காலத்தில் எலுமிச்சை மூடி விளக்கு ஏற்றினேன். தட்டு வைக்காமல் நேராக மார்பிள் மேலேயே வைத்தேன். மூன்றாவது வாரம் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஐந்து வட்டம். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் பக்கம் குனிந்து சாய்வாகப் பார்த்தால், தரை முழுக்க ஓடும் வெளிச்சம் அந்த ஐந்து இடத்தில் மட்டும் அணைந்து கிடக்கும். விரலால் தடவினால் நுனியில் ஒரு சொரசொரப்பு. வேதியியல் பாடம் 31 வருஷம் நடத்தியவள் நான். எலுமிச்சையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதையும் அந்த அறையில் வைத்துக்கொள்ளாதே. சொட்டுகிற ஒவ்வொரு துளியும் ஒரு புள்ளி.

அந்த ஐந்து வட்டத்துக்காகப் பாலிஷ்காரர்களைத் தேடினேன். முதலில் வந்தவர் ஒரு திரவத்தைப் பூசி ஐந்தே நிமிஷத்தில் பளபளக்க வைத்தார். மெழுகு மாதிரி ஏதோ. எண்ணெய் பட்ட கையோடு தொட்டதும் அந்த இடம் மங்கியது. இரண்டாவதாக வந்தவர் மெஷினில் வைரத் துகள் பதித்த பேட் மாட்டினார். சொரசொரப்பு குறைந்துகொண்டே வரும் 400, 800, 1500, 3000 நம்பர் பேடுகளை ஒவ்வொன்றாக மாற்றித் தண்ணீர் விட்டு ஓட்டினார். எடுத்ததுமே அறையில் இறங்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு அடி இடத்தை மட்டும் பாலிஷ் போட்டு, துடைத்து, “காய்ஞ்ச பிறகு பாருங்க. பிடிச்சாத்தான் மிச்சம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஒன்று மட்டும் கவனித்துக்கொள். பாலிஷ் போடும்போது பால் மாதிரி ஒரு சேறு வரும். அதை வாரி எடுத்து வெளியில் கொட்டச் சொல். சாக்கடையில் தள்ளிவிட்டால் குழாய்க்குள் படிந்து இறுகிவிடும்.

கிரானைட்டுக்கு வேறு பிரச்சினை. அது எண்ணெய் குடிக்கும். கோயில் கருங்கல்லில் விளக்கு வைத்து வைத்துக் கறுத்து, துடைத்தாலும் போகாமல் மினுங்குகிறதே, அதேதான். கறுப்புக் கல்லில் தெரியாது. விருந்தினர் அறைக்கு நீ வாங்கிய காஷ்மீர் ஒயிட் என்னும் வெள்ளை கிரானைட்டில் தெரியும். (பெயர்தான் காஷ்மீர், அந்தக் கல் நம் மதுரைப் பக்கம் வெட்டுவது.) ஒரு ஸ்பூன் தண்ணீரை அதன் மேல் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார். அந்த இடம் கறுத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடிக்க வேண்டும். கல்லுக்குள் இறங்குகிற வகை சீலரைக் கேட்டு வாங்கு. மேலே படலமாக நிற்கும் வகை வேண்டாம், அது நாள்பட உரிந்துவிடும். சீலர் கறையைத்தான் தடுக்கும், மார்பிளில் புளி விழுந்தால் ஒன்றும் செய்யாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. எண்ணெய் இறங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தோசை மாவுப் பதத்தில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு எடு. ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று தடவை பொறுமையாகச் செய்ய வேண்டும். மஞ்சள் கறைக்கு வெயிலே போதும்.

அப்புறம் கார். நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பின்கதவும் அதற்குப் பின்னால் சக்கரத்துக்கு மேலே வரும் தகரமும் உள்வாங்கியிருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்தத் தகரத்தை, அதாவது குவார்ட்டர் பேனலையே மாற்றணும், 48,000 ஆகும் என்கிறார்கள். தெருமுனைப் பட்டறையில் 14,000 சொல்கிறார்கள். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பேரிடமும் இன்னும் சில கேள்விகள் கேட்காமல் யாரையும் நம்பாதே.

முன் ஃபெண்டர், கதவு, பானட் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். குவார்ட்டர் பேனல் அப்படி இல்லை. கார் உடம்போடு சேர்த்து கம்பெனியிலேயே ஸ்பாட் வெல்டிங் வைத்தது. அதை மாற்றுவது என்றால் அறுத்து எடுத்து வேறொன்றை வெல்டிங் வைக்க வேண்டும். எவ்வளவு நல்ல கை என்றாலும் அறுத்த இடத்தில் துருவுக்கு எதிரான பழைய பாதுகாப்பு போய்விடும். தகரம் கிழிந்து கந்தலாகிவிட்டால் வேறு வழியில்லை. உன் போட்டோவில் கிழிசலே இல்லை, வெறும் நசுங்கல். அதை டிங்கரிங் செய்து, அதாவது தட்டி நிமிர்த்தி எடுப்பதுதான் காருக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம் தெருமுனைப் பட்டறை 14,000 சொல்வது தகரத்தைத் தட்டி எடுப்பதற்கா, பள்ளத்தைப் பட்டி என்னும் பசையால் நிரப்பி மூடுவதற்கா? அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சில்வர் கலர் கார் தில்லை நகரில் அடி வாங்கியது உனக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தது தெரியாது. வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் விட்டேன். மூன்றே நாளில் கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். அடுத்த சித்திரை வெயிலில் கதவின் ஓரத்தில் ஒரு முடி அளவு விரிசல். மழை வந்ததும் அந்த விரிசலைச் சுற்றி பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பியது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். மற்ற கதவுகளில் கப்பென்று பிடித்தது. அந்த இடத்தில் நழுவி விழுந்தது. தகரம் அவ்வளவு ஆழத்தில் இருந்தது.

பொன்மலையில் ஒரு டிங்கர் இருக்கிறார் என்று பள்ளி வேன் டிரைவர் சொன்னார். போனேன். அவருடைய அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தவராம். பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத இடம். அவர் விலையைச் சொல்லவே இல்லை. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் சொல்வேன் என்றார். பழைய பட்டியைச் சுரண்டி எடுத்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என் சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தது. பட்டி என்பது இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாதாம். பள்ளத்தைத் தட்டி எடுக்காமல் சாந்து பூசுகிற மாதிரி நிரப்பிவிட்டிருக்கிறார்கள்.

அவர் வேலை செய்ததை ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கையால் தகரத்துக்குப் பின்னால் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் சின்னச் சுத்தியலில் தட்டிக்கொண்டே போகிறார். பலமாக ஒரு அடிகூட இல்லை. கட்டை சரியாக நின்றால் சத்தம் ‘டிங்’ என்கிறது, தகரம் இன்னும் தொய்வாக இருந்தால் ‘டொக்’ என்கிறது. பத்துத் தட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, மெல்லிய பனியன் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துக் கதவு நீளத்துக்கும் தடவுகிறார். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கதவைப் பார்ப்பதே இல்லை. துணி எதற்கு என்று கேட்டேன். கை வழுக்கிக்கொண்டு போனால்தான் மேடு பள்ளம் தெரியும் என்றார்.

தகரம் சரியானதும் போன் வந்தது. “பட்டி போடுறதுக்கு முன்னாடி வந்து தகரத்தைப் பாத்துட்டுப் போங்கம்மா. பெயிண்ட் அடிச்ச பிறகு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.” இதைக் கேட்டபோது டீ குடிக்கப் போன பாலிஷ்காரர்தான் நினைவுக்கு வந்தார். கோமு, உன் ஊரில் எனக்கு எந்தப் பட்டறையையும் தெரியாது. ஆனால் இரண்டு பட்டறையிலும் போய் இதை மட்டும் கேள்: “பட்டி வைக்கறதுக்கு முன்னாடி நான் வந்து பாக்கலாமா?” முகம் சுளிக்காமல் வாங்கம்மா என்பவரிடம் விடு. எது மாற்றுவது, எது தட்டி எடுப்பது என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள். மாற்றிய பழைய பாகத்தை உன் டிக்கியில் போட்டுத் தரச் சொல். வேலை முடிந்து நிற்கும் வேறு கார் அங்கே இருந்தால் அதன் பக்கவாட்டில் டியூப் லைட் பிம்பத்தைப் பார். கோடு நேராக ஓடினால் நல்ல கை. நெளிந்தால் உள்ளே அலை இருக்கிறது. கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கிலும் பார். பெயிண்ட் தெறித்திருந்தால் பிரித்து எடுக்காமல் அவசரத்தில் அடித்திருக்கிறார்கள்.

கலர் விஷயத்தில் உன் கார் சாதாரண வெள்ளை என்றால் பிழைத்தாய். சில்வர், மெட்டாலிக், பேர்ல் ஒயிட் எல்லாம் சேர்வது கஷ்டம். பெயிண்டில் இருக்கும் அலுமினியத் துகளோ மைக்காத் துகளோ எந்தப் பக்கம் சாய்ந்து படிகிறதோ அதற்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும். காரில் எழுதியிருக்கும் கலர் குறியீட்டைப் பார்த்துக் கலந்தாலும் உன் கார் இத்தனை வருஷ வெயிலில் வெளுத்திருக்கும். அதனால் ஒரு தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லி, வெயிலிலும் நிழலிலும் காரோடு வைத்துப் பார். என் காரில் அடுத்த கதவு வரைக்கும் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுபோய், இரண்டு கதவுக்கும் முழுக்க கிளியர் கோட் என்னும் நிறமில்லாத மேல்பூச்சு அடித்தார்கள். எங்கே முடிகிறது என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. திறந்த வெளியில் பெயிண்ட் அடிக்கும் இடமாக இருந்தால் ஆடி முடியட்டும். இந்தக் காற்றில் ஈர பெயிண்டின் மேல் ஊர்ப் புழுதியெல்லாம் வந்து உட்காரும். பெயிண்ட் அடிக்க மூடிய பூத் இருந்தால் கவலையில்லை. அடிக்கிற பையன் சரியான முகமூடி போட்டிருக்கிறானா என்றும் பார். கிளியர் கோட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலைப் பிடித்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை. பையன்களுக்கு முகமூடி வாங்கித் தராத பட்டறைக்கு நான் போவதில்லை.

இன்சூரன்ஸைப் பற்றி உன் வீட்டுக்காரர் கேட்டாராம். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருஷம் கிளைம் இல்லாமல் பிரீமியத்தில் 50 சதவீதம் கழிவு (நோ கிளைம் போனஸ்) வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது கிளைம் செய்தால் அடுத்த முறை அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50 வரும். ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது சொந்தக் காரின் சேதத்துக்கான பிரீமியம், கழிவுக்கு முன்னால் 9,000 என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து வருஷத்தில் 4,500, 2,700, 2,250, 1,350, 450 என்று மொத்தம் 11,250 ரூபாய் கையைவிட்டுப் போகும். பிரீமியம் வருஷா வருஷம் கொஞ்சம் குறையும், அதனால் கணக்கும் சற்றுக் குறையும். 1500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் எந்தக் கிளைமிலும் 1,000 ரூபாய் நீங்கள்தான் போட வேண்டும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் பாதுகாப்பு) இல்லையென்றால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள். ஆக 14,000 வேலைக்குக் கிளைம் போவது வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிடும். 48,000 என்றால் கட்டாயம் கிளைம் போகலாம். எதுவானாலும் வேலை தொடங்கும் முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பிரித்த பிறகு சொன்னால் ஏற்கமாட்டார்கள்.

கார் திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்கு ஷாம்பூ போட்டுக் கழுவாதே. ஒரு மாதத்துக்கு வாக்ஸ் வேண்டாம், புதுப் பெயிண்டுக்கு உள்ளே காய நேரம் வேண்டும். உன் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தாதே. பறவை எச்சமும் ஆசிட்தான். வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டில் எலுமிச்சை வட்டம் மாதிரியே தடம் விழும்.

எழுதிக்கொண்டே போகிறேன். ஒன்றை மட்டும் கேட்டு முடிக்கிறேன். பழைய வீட்டுப் பின்கட்டில் உன் அம்மாவின் அம்மி கிடந்ததே, அதைப் புது வீட்டுக்கு எடுத்து வருகிறாயா? ஹாஸ்டலில் இருந்து உன்னோடு வந்த லீவுகளில் அம்மா அதில் அரைத்த கொள்ளுத் துவையலின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது நடுவில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மிக்ஸி வந்த பிறகு தெருவில் “அம்மி கொத்தலையோ” என்று வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். உங்கள் பக்கம் யாராவது வந்தால் விட்டுவிடாதே. கொத்தியதும் முதலில் ஒரு பிடி தவிட்டையோ அரிசியையோ அரைத்துக் கொட்டிவிடு, இல்லாவிட்டால் துவையலில் கல் பொடி நறநறக்கும்.

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறேன். நான் வரும்வரை கொள்ளை ஊறப் போடாதே, அரைப்பது நான்.

அன்புடன்,
உன் வசந்தா